போகாமல் எழுதிய அளவு

சோபனாவுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சிற்றேரியை மாதம் இருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஏரிக்கு மேலே உள்ள மானாவாரி நிலங்களில் ஒரு தொண்டு நிறுவனம் வரப்புகளை உயர்த்தி, பண்ணைக்குட்டைகள் வெட்டிக் கொடுத்திருந்தது. மழைநீர் அங்கேயே தங்கியதால் கடலையும் ராகியும் நன்றாக வந்தன. ஆனால் கீழே இருக்கும் ஏரி என்ன ஆகிறது என்று யாராவது பார்க்க வேண்டுமே. அதற்காக அந்த நிறுவனம் நியமித்தவள் சோபனா. தண்ணீரின் ஆழம், கரையோர ஈரப் புல்வெளியின் அகலம், அங்கே இறங்கும் பறவைகள் எத்தனை என்று படிவத்தில் எழுதி அனுப்புவாள்.

முதல் வருடம் ஒழுங்காகப் போனாள். பேருந்தை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. எண்களோ பெரிதாக மாறவில்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அதியமான்கோட்டையில் தன் வீட்டிலேயே உட்கார்ந்து, சென்ற முறை எழுதியதில் ஒன்றிரண்டை மாற்றி அனுப்பிவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை மழைகூட இல்லை, அப்போதும் போகவில்லை. தை முடியும்வரை ஏரிப் பக்கம் அவள் கால் வைக்கவே இல்லை.

மாசியில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. அவளுடைய மேலதிகாரி அறிவழகன் அறிக்கையை வாசித்தார். புல்வெளி நாற்பது அடி அகலத்தில் அப்படியே இருக்கிறது, ஏரிக்குப் பாதிப்பில்லை, மேலே இன்னும் இருபது குட்டைகள் வெட்டலாம் என்றார். பின்வரிசையிலிருந்து தெரசா எழுந்தார். ஏரிக்கரைப் புல்லை அறுத்து இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவர்.

"புல்லு எங்க சார் இருக்குது? கார்த்திகையிலிருந்தே கரை வெடிச்சுக் கெடக்குதுங்க. தண்ணி மேலயே நின்னுக்குது, கீழ வர்றதில்லீங்க."

"நீங்க ஏதோ ஒரு மூலையப் பாத்திருப்பீங்கம்மா. எங்க மேடம் மாசம் ரெண்டு தடவ டேப்பு புடிச்சு அளந்திருக்காங்க. தேதியோட இருக்குது."

யாரோ சிரித்தார்கள். தெரசா சோபனாவைத் திரும்பிப் பார்த்தார். சோபனா மடியிலிருந்த படிவங்களைப் புரட்டினாள்.

"மேடம் அளந்தாங்கன்னா சரியாத்தான் இருக்கும்ங்க. எனக்குத்தான் கண்ணு தெரியலையாட்டம்" என்று தெரசா உட்கார்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் பொய்யை நம்பி, அந்த அம்மாள் தன் கண்ணையே சந்தேகப்பட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஏரிக்குப் போனாள். டேப்பைப் பிடித்தாள். ஒன்பது அடி. அதற்கப்பால் சேறு காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயோடு மேலேறி நடந்தபோது, புதிதாக வெட்டிய ஒரு குட்டையின் கரை கால்வாய்க்குக் குறுக்கே விழுந்து அடைத்திருப்பது தெரிந்தது. ஐப்பசியில் ஒரு தடவை வந்திருந்தாலே கண்ணில் பட்டிருக்கும்.

அறிவழகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கூட்டத்தில் வாசித்த அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நான் அந்தம்மாவ எத்தன பேரு முன்னால மட்டந்தட்டிட்டேன்" என்றார்.

அன்று மாலையே தெரசா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். தெரசா உள்ளே வரச் சொல்லவில்லை.

"கூட்டத்துல பொய் பேசுனவன்னு எங்க வூட்டுக்காரரே என்னையப் பேசிப்புட்டாரு. இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆவும்? அங்கயே வந்து சொல்லு."

அடுத்த கூட்டத்தில் சோபனா எழுந்து நின்றாள்.

"ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் நான் ஏரிக்கு வரவே இல்லைங்க. வூட்ல உக்காந்து எழுதினேன். தெரசாக்கா சொன்னதுதான் நெசம்."

அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

இருபது குட்டைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. கால்வாய்க்குக் குறுக்கே இருந்த கரையை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டார்கள். சோபனாவின் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. இப்போது நெடுஞ்சாலை ஓரத்துக் கடையொன்றில் வேலைக்கு இருக்கிறாள். சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை.

அடுத்த கார்த்திகையில் தருமபுரிப் பேருந்தில் தெரசாவை எதிர்பாராமல் பார்த்தாள். தெரசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருசம் ஏரிக்குத் தண்ணி வந்துச்சு. புல்லுதான் இன்னும் புடிக்கல" என்றார்.

சோபனாவால், "சரிங்கக்கா" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இறங்கும்வரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.