கிர்ஸ்டன் வாங்கிய அறை

எண்பதுகளில் எங்கள் கல்லூரிக்கும் டென்மார்க்கில் ஒரு கல்லூரிக்கும் மாணவர் பரிமாற்ற ஏற்பாடு இருந்தது. அங்கிருந்து வந்த கிர்ஸ்டன், பேகோபுரத் தெருவில் எங்கள் வீட்டில் தங்கினாள். வெள்ளைக்கார விருந்தாளி என்று அண்ணனுக்கு ஏகப்பட்ட பெருமை. பதிலுக்கு நான் அவள் ஊருக்குப் போக வேண்டும் என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

என் பாஸ்போர்ட் வந்த அன்று பெல்ட்டை உருவினான். "பொட்டப் புள்ளைக்கு ஃபாரின் கேக்குதா?"

முதுகில் ஜாக்கெட் கிழிந்தது. எனக்கு அது புதிதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கிர்ஸ்டன் எச்சில் கையோடு ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளையும் ஓங்கி அறைந்தான். உதடு பிளந்து ரத்தம் கொட்டியது.

அவ்வளவுதான். "வெள்ளக்காரப் பொண்ண அடிச்சிட்டான்!" என்று தெருவே உள்ளே புகுந்தது. அண்ணனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். யாரோ போலீஸ்காரரையும் கூட்டிவந்தார்கள்.

"சொல்லுங்கம்மா, கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கிறேன்," என்றார் அவர் கிர்ஸ்டனிடம் பணிவாக.

அவள் என்னைத் திருப்பி என் முதுகைக் காட்டினாள். எங்களிடம் கற்ற அரைகுறைத் தமிழில், "எனக்கு ஒரு அடி. இவளுக்கு தினம் அடி. மொதல்ல இவளுக்கு எழுதுங்க," என்றாள்.

கிர்ஸ்டனின் உதட்டில் வைக்க மஞ்சள் கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டு ஜோதி அக்கா, மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் அடி பட்டுச்சா, கண்ணு?"

டென்மார்க் போய்ப் படித்துத் திரும்பினேன். முதுகுத் தழும்புகள் மங்கிவிட்டன. எங்கள் வீட்டுக்கும் ஜோதி அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அக்கா கேட்ட அந்தக் கேள்விதான் இன்னும் எரிகிறது.