உதிலைதான் அந்த மலை

போன சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அந்த மலைவரை போனேன். ஏறவில்லை. பார்க்கிங்கில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

எந்த மலை என்கிறீர்களா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — ஒஷாவாவுக்கு வடக்கே, சோளக் காணிகள் முடிகிற இடத்தில் இருக்கிற என்னுடைய மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்டிப் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிப்போனால் உச்சியில் நின்றுகொண்டே "மலை எங்கே?" என்று கேட்பார். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், எங்களுக்கு அது தாராளம். எங்கள் ஊரில் கீரிமலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது... மலையைத்தான் காணோம்.

மரம் அதிகம் இல்லாத மேடு. முழங்கால் உயரப் புல், தரையோடு படர்ந்த முட்புதர், அடிவாரத்தைச் சுற்றிக் கறுத்த சதுப்பு. சதுப்பைக் கடக்கப் பலகைப் பாதை. அதற்குப் பிறகு மணல் பாதை வளைந்து வளைந்து மேலே போகும். உச்சியில் உட்கார ஒரு வாங்கு. வானம் வெளித்திருந்தால் தெற்கே ஏரி ஒரு கோடு மாதிரித் தெரியும். வெளிக்காத நாட்களில் — அதுதான் அதிகம் — சாம்பல் நிறமும் காற்றும் மட்டும்தான். எனக்கு அது போதும்.

கோடை முழுக்க ஒவ்வொரு சனியும் அருளப்பு அண்ணையோடு அங்கே நடந்திருக்கிறேன். மல்வேர்னில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். ஃபெக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கதைக்கத் தொடங்கினால் ஏற்றத்திலும் நிறுத்த மாட்டார். எனக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது.

அடிவாரத்தில் ஒரு போர்ட் இருக்கிறது. பாதையை விட்டு விலகாதீர்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். அண்ணை அதைப் பார்த்து ஒவ்வொரு கிழமையும் புதிதாகச் சிரிப்பார்.

"உவங்களுக்கு விசர் தம்பி. போற இடத்தைச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டால் போன காரியம் உருப்படுமோ?"

நீங்கள் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? வாசலில் சப்பாத்து மாட்டுகிறவரைப் பார்த்து "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கலாமா? அபசகுனம்! அருளப்பு அண்ணை ஞாயிறு பூசை தவறாத வேதக்காரர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் சுவாமியார் சொல்லியும் அசையவில்லை. யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் முகம் கறுக்கும். உள்ளே திரும்பி வந்து, கதிரையில் கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார்.

அதனால் அவருடைய மனைவி றீற்றா அக்கா கலியாணம் கட்டிய நாள் முதல் கேட்டதே இல்லை. "தூரமோ?" என்பார். அதுதான் எங்கள் ஊர் மரியாதை. அண்ணை "இல்லை, உதிலைதான்" என்பார் — அதாவது, இந்தா பக்கத்தில்தான். அதுவும் மரியாதைதான். சந்திக் கடையும் உதிலைதான், ஒஷாவாவும் உதிலைதான். ஒருமுறை ஒட்டாவாவுக்குப் போனபோதும் உதிலைதான் என்றுவிட்டுப் போனாராம்!

நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு மாற்றுவதோடு எங்கள் மலை சீசன் முடிந்துவிடும். பிறகு வசந்தம் வரும்வரை மோலுக்குள் நடை. கடைகள் திறக்க முன்னரே ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் அங்கே சுற்றிக்கொண்டிருப்போம். அண்ணைக்கு அது அறவே பிடிக்காது.

"உது நடையோ தம்பி? கோழிக்கூட்டுக்குள்ளை சுத்திற மாதிரியெல்லோ கிடக்கு."

நான் பகிடி என்று நினைத்தேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் வானம் மப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணை ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார். "தூரமோ?" "இல்லை, உதிலைதான்." காரில் போனவர் இருட்டியும் வரவில்லை. அதற்குள் மழை வேறு பிடித்துக்கொண்டது. அவருடைய போன் குசினி மேசையில் சார்ஜில் கிடந்தது.

றீற்றா அக்கா எனக்குப் போன் அடித்தார். "தம்பி, அவர் உங்களோடையோ?"

"இல்லையே அக்கா. எங்கை போனவர்?"

"நான் கேட்கேல்லை தம்பி."

தேடிப் போனேன். மோல், தேவாலயம், அஜின்கோர்ட்டில் அவர் ரோல்ஸ் வாங்கும் கடை... ஒவ்வொரு பார்க்கிங்காக அவருடைய காரைப் பார்த்துக்கொண்டு போனேன். மலை எனக்கு நினைவுக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமை, நவம்பர், மழை — யாருக்கு வரும்?

திரும்பி அவர்கள் வீட்டுக்குப் போனபோது பொலிஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். பொறுமையான ஆள். எங்கே போவதாகச் சொன்னார் என்று கேட்டார். இங்கேயே பிறந்த மகள் ஷெரின்தான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஹீ இஸ் ஆஸ்கிங்... அப்பா எங்க போறன் எண்டு சொன்னவர்?"

"உதிலைதான் எண்டவர்."

ஷெரின் திணறினாள். "ஜஸ்ட் தேர்... ஹீ செட் ஜஸ்ட் தேர்."

"தேர் வேர்?"

நியாயமான கேள்வி. றீற்றா அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலில் மழைதான் இருந்தது.

எங்கே என்று நீங்கள் கேட்கவில்லையா என்றார் பொலிஸ்காரர். அக்காவின் குரல் உடைந்தது. "நாங்கள் கேட்கிறேல்லை. கேட்டால் அவருக்கு ஏதும் நடந்திடும் எண்டுதான் கேட்கேல்லை. சொல்லு பிள்ளை, அவருக்கு வடிவாய் விளங்கப்படுத்திச் சொல்லு."

ஷெரின் அதைச் சொல்லவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை நாயோடு நடக்க வந்த ஒரு பெண், மலையடியில் தனியாக நின்ற காரைக் கண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணை மறுபக்கச் சரிவில், புதர்களுக்குக் கீழே கிடந்தார். மணலில் சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விழுந்து சாகிற உயரமே இல்லை அந்த மலை. குளிரில்தான் போனார் என்றார்கள். இரவே தேடியிருந்தால்... என்று அதே பொலிஸ்காரர் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு மிச்சம் விளங்கியது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காணி பூமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த நாங்கள், இதை மட்டும் கவனமாகப் பொத்திக் கொண்டுவந்திருக்கிறோம்! ஊரில் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. "உங்கடை மனுசன் இப்பத்தான் சைக்கிளிலை உந்தப் பக்கம் போறார்" என்று சொல்ல ஒவ்வொரு தெரு ஒழுங்கைக்கும் நாலு பேர் இருந்தார்கள். இங்கே யார் பார்க்கிறார்கள்? நெடுஞ்சாலைக் கமராவா வந்து சொல்லும்?

அடக்கம் முடிந்து வீட்டில் சாப்பாடு. செத்தவீட்டில் இருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது — அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கம்போல எல்லாரும் ஓசைப்படாமல் நழுவி, வாசலில் சப்பாத்தைத் தேடினோம். அங்கே றீற்றா அக்கா நின்றார்.

"எங்கை போறியள்?"

ஒவ்வொருவரிடமும் கேட்டார். சிலர் திகைத்து நின்றார்கள். ஒருவர் காது கேளாத மாதிரிப் படியிறங்கிப் போனார். "பாவம், மூளை கலங்கிப்போச்சு" என்று ஒரு அன்ரி என் காதுக்குள் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த வீட்டில் அன்றைக்குத் தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

என் முறை வந்தது. "எங்கை போறியள் தம்பி?"

"வீட்டைதான் அக்கா."

"வேறை எங்கையும் போறியளோ?"

"இல்லை அக்கா. நேரை வீட்டை."

"போய்ச் சேர்ந்தவுடனை எனக்கு அடியுங்கோ."

நாலு வீடுதான். கதவைத் திறந்ததும் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "வந்து சேர்ந்திட்டன் அக்கா" என்றேன். அடக்கத்திலும் அழாமல் நின்ற மனுசி, அப்போதுதான் அழுதார்.

சரி... நீங்கள் இப்போது எங்கே போகிறீர்கள்?

கோபம் வருகிறதா? உள்ளே போய் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். பிறகு சொல்லிவிட்டுப் போங்கள்.