இரண்டு சீட்டு, ஒரு வயிறு

போன மழைக்காலத்தில் என் பாதங்கள் எரியத் தொடங்கின. தார்ச்சாலையை வெறுங்காலால் மிதித்த எரிச்சல் இல்லை. உள்ளேயிருந்து வருவது, தேய்த்தால் போகாதது. நடந்தால் மறக்கும் என்று பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். உட்கார்ந்து யோசிக்கிற சுபாவம் எனக்கு வாய்க்கவில்லை. பிறகு ஒரு நாள் எரிச்சல் தானாகவே நின்றது. மகிழ்ந்துபோனேன். அன்று சாயங்காலம் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்திருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது.

எட்டு வருடமாக எனக்குச் சர்க்கரை பார்த்தவர் எங்கள் தெருமுனை டாக்டர். ஓர் அறை, ஒரு பச்சைத் திரை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். காய்ச்சலுக்கும் அவர்தான், மனைவியின் தலைசுற்றலுக்கும் அவர்தான். மாதம் ஒருமுறை என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “பரவால்லப்பா, சோத்த மட்டும் கொறை” என்பார். பாதம் எரிகிறது என்றபோது சத்து ஊசி போட்டார்.

“சர்க்கரைக்குன்னே படிச்ச டாக்டரம்மா வானகரத்துல கீறாங்களாம். போய்க் காட்டுய்யா” என்றாள் மனைவி.

“நம்ம டாக்டருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு.”

“நாளைக்கு உன் காலு போச்சுன்னா, அவரு மனசை வெச்சுகினு நடப்பியா?”

போனேன். டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையைக் கையில் எடுத்தார். “தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க.” மூடிய இமைக்குள் காத்திருந்தேன். யாரும் தொடவே இல்லை. கண்ணைத் திறந்தபோது இழை என் பெருவிரலில் அழுந்தி வளைந்து நின்றுகொண்டிருந்தது. என் உடம்பின் ஓர் ஓரம் எனக்குச் சொல்லாமலே ஊரைக் காலி செய்துவிட்டிருந்தது.

“இப்போ என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? பழைய சீட்டு இருக்கா?”

தெருமுனை டாக்டர் எழுதிய சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவர் உதட்டைச் சுழிப்பார். எட்டு வருடத்து மனிதர் அந்தச் சுழிப்பில் சிறுத்துப் போவார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. “மாத்திரை ஒண்ணும் இல்லீங்க” என்றேன். அவர் புதிதாக எழுதித் தந்தார்.

அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, அதே வாரம் தர்காவில் போய்க் கயிறும் கட்டிக்கொள்கிறவர்கள் நாங்கள். இரண்டு இடத்தில் கேட்டால் ஒரு இடத்திலாவது காது கேட்கும். மருந்தையும் அப்படித்தான் நினைத்தேன். புதியதை விழுங்கினேன்; பழையதை நிறுத்துவது டாக்டரின் முதுகுக்குப் பின்னால் அவரைக் கைகழுவுவதாகப் பட்டதால் அதையும் விழுங்கினேன். பெயர் வேறு, நிறம் வேறு.

மூன்றாம் நாள் காலை, கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கட்டைப் பிடித்த கை ஆடியது. வேர்வை சட்டையை நனைத்தது. தெரு ஒரு பக்கமாகச் சரிந்தது.

“இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துகினு போவுது?” என்று கீரைக்காரம்மா எழுந்து என்னைத் தாங்கிக்கொண்டு, போன ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். ஆட்டோக்காரர் கேட்கவே இல்லை, நேராகத் தெருமுனைக்கு விட்டார்.

டாக்டர் விரலில் குத்தி எண்ணைப் பார்த்தார். “சர்க்கரை ரொம்ப எறங்கிப் போச்சுப்பா” என்றார். குளுக்கோஸைக் கரைத்துத் தன் கையாலேயே குடிக்க வைத்தார். தெரு மெல்ல நிமிர்ந்தது. அதற்குள் என் மனைவி ஓடிவந்து, வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் கவரோடு மேஜையில் கொட்டினாள். அவர் இரண்டு அட்டைகளையும் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார்.

“ரெண்டும் ஒரே மருந்துப்பா. கம்பெனிதான் வேற. சீட்டு ரெண்டா இருக்கலாம், வயிறு ஒண்ணுதானே? எங்கிட்ட ஏன் சொல்லல?”

நான் அட்டைகளைப் பொறுக்கிக் கவருக்குள் போட ஆரம்பித்தேன்.

“நீங்க கோச்சிப்பீங்கன்னு பயந்துகினு இருந்தாரு டாக்டர்” என்றாள் மனைவி.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் வேறு யாரோ மாதிரி, கொஞ்சம் வயதானவராக இருந்தார்.

“கால் எரியுதுன்னு நீ சொன்ன அன்னிக்கே நான்தான் அனுப்பியிருக்கணும். ஊசிக்கு அடங்கிடும்னு பார்த்தேன். நம்ம ஆளு, நம்மளே பார்த்துக்கலாம்னு ஒரு இது.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இனிமே சர்க்கரை மாத்திரைய அந்தம்மா மட்டும் எழுதட்டும். கால், கண்ணு, கிட்னி எல்லாம் அவங்க பார்க்கட்டும். என்ன எழுதினாலும் கொண்டுவந்து எங்கிட்ட காட்டு. நடுவுல ஜுரம் வந்தா, இந்த மாதிரி வேர்த்தா, மொதல்ல இங்க ஓடி வா.”

எட்டு வருடத்து அளவுகளையும் தன் மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை மனைவி பொறுக்கவில்லை. “இப்பவே போன் போட்டுச் சொல்லு.”

வானகரத்துக்குப் போட்டேன். எடுத்த பெண் கேட்டாள்: “ஏற்கெனவே வேற எங்கயாவது காட்டுறீங்களா சார்?”

“ஆமாம்மா. பட்டாபிராம்ல, எங்க டாக்டர்கிட்ட” என்றேன், அவர் காதில் விழும்படியே.