வாப்பாவின் கட்சியும் ஏழாம் இலக்கமும்

போன கிழமை நாலைந்து பொடியன்மார் கேற்றடியில் வந்து நின்றார்கள். பிரதேச சபைத் தேர்தலுக்கு நோட்டீஸ் கொடுக்கிறார்களாம். ஒருவன் என் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, "மாமி, நீங்க எங்கட ஆக்கள்தானே?" என்று கேட்டான்.

"இன்னும் முடிவெடுக்கல்ல மகன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய ஒருத்தி, தன்னுடைய வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன் என்று சொன்னால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர்கள் போன பிறகு நோட்டீஸை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். இருபத்தெட்டு வருஷம் நூலகத்தில் வேலை செய்தவளுக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் கண்ணுக்கு முந்தி மூக்குக்குத்தான் போகும். அச்சு மை வாசனை அப்படியே இருந்தது. பசை வாசனைதான் இல்லை. இப்போது யார் சுவரில் ஒட்டுகிறார்கள்? எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது.

எனக்குத் தேர்தல் என்றால் கோதுமை மாப் பசைதான். பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் வாப்பாவுடைய கட்சியின் கிளை. தேர்தல் அறிவித்தால் உம்மா பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவா. பசையைத் துழாவித் துழாவி அவவுடைய வலது கை மணிக்கட்டு வீங்கிப் போகும். காலையில் ஒட்டிய போஸ்டர் பின்னேரம் இருக்காது. எங்கள் பக்கத்துக் கழுதைகளைத் தெரியும்தானே, பசை ருசிக்காகச் சுவரோடு சேர்த்து நக்கிவிடும். வேட்பாளரின் அரை மீசையும் ஒரு காதும் மட்டும் மிஞ்சும். மற்றக் கட்சிக்காரர்கள் கிழித்துவிட்டார்கள் என்று வாப்பா ஒருமுறை பொலிசுக்குப் போய், அங்கே கழுதையைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்.

கருவாட்டு வியாபாரம் செய்த மனிதர் அவர். அந்தக் கட்சியை விட்டு ஒரு தேர்தலிலும் விலகியதில்லை. என்னுடைய வேலையும் கட்சி தந்ததுதான். ஏ.எல். சோதனை முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் வாப்பா பிரதேச சபைத் தலைவருக்குப் பின்னால் நடந்தார். கடைசியில் சபையின் நூலகத்தில் உதவியாளர் வேலை வந்தது, தற்காலிக நியமனம். தற்காலிகம் என்றால் என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அடுத்த தலைவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் நான் மறுபடியும் வீட்டில் இருப்பேன் என்று அர்த்தம்.

வேலைக்குப் போன முதலாவது வருஷம், தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசுகிற காலத்தில், என் தம்பி றிஸ்வி கடலில் அகப்பட்டான். அவனுக்குப் பதினேழு வயது. வேறு இரண்டு பேரோடு போன போட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. வாப்பா தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் நேவிக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சொல்லியும் இருப்பார், நான் பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. உம்மா கரையிலேயே இருந்தா. காற்றுக்குப் பயந்து எல்லாருடைய போட்டும் மணலில் கிடந்தது.

பக்கத்து ஊரான ஆலங்குடாவில் பஸ்தியான் என்று ஒரு கத்தோலிக்க வேதக்காரர் இருந்தார். மீன் விற்க வந்தால் வாப்பாவோடு இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான் பழக்கம். விஷயம் காதில் விழுந்ததும் மச்சானைக் கூட்டிக்கொண்டு தன் போட்டைத் தள்ளினார். மறுநாள் பின்னேரம் மூன்று பேரோடும் வந்து சேர்ந்தார். றிஸ்வியின் உதடுகள் உப்பில் வெடித்துப் போயிருந்தன. வாப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்ப் பஸ்தியானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வாப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பஸ்தியான் அவரை மெல்ல விலக்கினார். "நானா, முதல்ல பொடியனுக்குத் தண்ணி குடுங்க. ஒரேயடியாக் குடுக்க வேணாம், கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க."

உம்மா அதற்குப் பிறகு றிஸ்வியைக் கடலுக்கு விடவில்லை. பதினெட்டு முடிந்ததும் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டா.

அடுத்த வருஷம் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. மற்றக் கட்சியின் பட்டியலில் ஏழாம் இலக்கம், பஸ்தியான்.

அப்போதைய வாக்குச்சீட்டு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் சங்கடம் உங்களுக்கு விளங்காது. மேலே கட்சிகளின் சின்னங்கள். கீழே வெறும் இலக்கங்களின் வரிசை. முதலில் ஒரு கட்சிக்குப் பெருக்கல் குறி, அதுதான் புள்ளடி, போட வேண்டும். பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த ஆட்களின் இலக்கங்களுக்கு; அதற்குப் பெயர் விருப்பு வாக்கு. ஆளைப் பிடித்தால் அவருடைய கட்சியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பஸ்தியானுக்குப் போடுவதென்றால், என்னை வீட்டுக்கு அனுப்பக் காத்திருந்த கட்சிக்குப் போட வேண்டும்.

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மாவின் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "லைப்ரரில இரிக்கிற மகளுக்கு இந்த முற நிரந்தரம்தான். இந்த ஊட்டுல மூணு வோட்டு, எனக்குத் தெரியும்தானே" என்று சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

பஸ்தியான் அண்ணன் சனிக்கிழமைகளில் மகளுக்குப் புத்தகம் எடுக்க நூலகத்துக்கு வருவார். டீசல் மணம் அவருக்கு முன்னால் வரும். ஒரு தடவையாவது அவர் வோட்டுக் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். செய்த உதவிக்கு விலை கேட்கிறார் என்று கோபப்பட்டிருப்பேன். அவர் கேட்டதெல்லாம், "றிஸ்வி கடிதம் போட்டவனா தங்கச்சி?" என்பதுதான். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்த வாப்பாவிடம் கேட்டேன். "பஸ்தியான் அண்ணனுக்கு என்ன செய்யப் போறம் வாப்பா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "தம்பியக் கொண்டு வந்தது அவர். ஒனக்கு வேல தந்தது கட்சி. ஒரு புள்ளடிதான் இரிக்கி மகள். நான் என்ன செய்வேன் எண்டு கேக்காத. நானும் ஒன்னக் கேக்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும், வாப்பா பஸ்தியானுக்குத்தான் போடப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. தண்ணீரில் இறங்கிப் போய் அழுத மனிதர் அல்லவா! அந்த நிச்சயம்தான் என்னைக் கெடுத்தது.

வாக்குச்சாவடி என் பழைய பள்ளிக்கூடம். அட்டைப் பெட்டி மறைப்புக்குள் பென்சிலோடு நின்றேன். யாரும் பார்க்க முடியாது என்று தெரியும். தெரிந்தும், கதவடியில் இருந்த எங்கள் கட்சி ஏஜென்டின் கண் என் முதுகில் ஊர்வது போல இருந்தது. பஸ்தியானின் கட்சிச் சின்னத்துக்கு நேரே பென்சிலைக் கொண்டு போனேன். வாப்பா போட்டிருப்பார், வீட்டிலிருந்து அவருக்கு ஒன்று போகிறதுதானே, போதும் என்று மனம் சொன்னது. கை நகர்ந்து எங்கள் கட்சிக்குப் புள்ளடி போட்டது. பிறகு நான் செய்ததை இன்றைக்கு வரை யாருக்கும் சொன்னதில்லை. மனம் கேட்காமல் கீழே ஏழாம் இலக்கத்துக்கும் ஒரு புள்ளடி போட்டேன். அது பஸ்தியானுக்குப் போகாது என்று கட்சி வீட்டில் வளர்ந்த எனக்கா தெரியாது? எங்கள் பட்டியலின் ஏழாம் இலக்கம் ஒரு ஐஸ் முதலாளி. அவர் வென்றார்.

பஸ்தியான் தோற்றார். அவருடைய பட்டியலில் கடைசியாகத் தெரிவானவருக்கும் அவருக்கும் இடையில் விரல் விட்டு எண்ணக்கூடிய விருப்பு வாக்குகள்தான் வித்தியாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வழக்கத்தை விட நன்றாகத் தலை வாரியிருந்தார்.

"தங்கச்சி, உங்கட வீட்டால எனக்கு வோட்டு விழுந்திருக்கும், எனக்குத் தெரியும். வாப்பாட நிலமையில அது லேசான வேல இல்ல. நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

"ஓம்" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? இல்லை என்று சொல்லும் தைரியம் இருந்திருந்தால் அது வாக்குச்சாவடியிலேயே இருந்திருக்கும். நான் அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் திகதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன்.

நிரந்தர நியமனக் கடிதம் நாலு வருஷம் கழித்து வந்தது. அதற்குள் பஸ்தியான் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டார். போகும்போது வாப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

வாப்பா நோயில் விழுந்து கட்டிலோடு கிடந்த காலத்தில், ஒரு காலை நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நீயாவது பஸ்தியானுக்குப் போட்டாய், அல்ஹம்துலில்லாஹ். அந்த நம்பிக்கையிலதான் நான் கட்சிக்குப் போட்டேன்" என்றார்.

நான் கரண்டியைக் கோப்பையில் வைத்தேன். "இல்ல வாப்பா. நீங்க போட்டிருப்பீங்க எண்டு நான்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். குசினி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த உம்மா நிமிராமலே சொன்னா.

"நான் அவருக்குத்தான் போட்டேன். ஏழாம் இலக்கம், பிசகில்லாமப் போட்டேன். என்னட்ட ஆரும் கேக்கல்லயே."

கட்சிக்குப் பசை கிண்டிய அந்தக் கையை நான் பார்த்தேன். அது துணியை மடித்துக்கொண்டே இருந்தது.

வாப்பா அந்த வருஷ மாரிகாலத்தோடு போய்விட்டார். உம்மா நாலு வருஷத்துக்குப் பிறகு. பஸ்தியான் போட்டை இழுத்து வைத்த ஆலங்குடாக் கரையில் இப்போது இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் அலை மேல் ஓடுகிற வெள்ளைக்காரருக்கு ஹோட்டல் இருக்கிறது. பிரதேச சபை வாக்குச்சீட்டும் மாறிவிட்டது. கீழே இருந்த இலக்கங்களின் வரிசையை எடுத்துவிட்டார்கள். இப்போது கட்சிகளும் சின்னங்களும் மட்டும்தான். ஆளுக்கென்று புள்ளடி போட அதில் ஒரு இடமும் இல்லை.