அப்பா நின்ற பெரட்டு

எங்கள் ஊர் அழகான சின்ன ஊராம். இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். டுரியான் துங்கால் பக்கம் வருகிறவர்கள் காடியை ஓரமாக நிறுத்திவிட்டு எங்கள் கடைவீதியைப் படம் பிடிக்கிறார்கள். பழைய பலகைக் கடைகளுக்கு மஞ்சளும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. பாசாரை, காய்கறிச் சந்தையை, ஒட்டிய நீளமான சுவரில் தோட்டத்துப் பெரட்டை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் வளராதவர்களுக்குப் பெரட்டு என்றால் தெரியாது. விடியுமுன் ஆட்களெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடும்போது அங்கே நின்று குரல் கொடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. குரல் வராவிட்டால் போயிற்று. சுவரில் இடது கோடியில் கிராணி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் வாளியும் கத்தியுமாக ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். கொசு பிடுங்க, வெறும் வயிற்றோடு நின்ற சனம் சிரித்ததாம்! வரைந்தவனை ஒரே ஒரு நாள் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், முதல் முறை பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் சனத்தை இதற்குமுன் இவ்வளவு பெரிதாக யார் வரைந்தார்கள்?

அப்பா ஆயுசு முழுக்க ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு, டவுனை ஒட்டிய குடியிருப்பில், எங்கள் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச காலமாக அவருக்கு நினைவு சரியில்லை. சில நாள் என்னைத் தெரியும், சில நாள் தெரியாது. தெரிகிற நாளில் "பாப்பா" என்பார். எனக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னமும் பாப்பாதான். சர்க்கரை வியாதியும் இருக்கிறது. காலையில் நான்தான் ஊசி போடுவேன். போட்ட கையோடு அவர் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக் என்றதும் இன்னொன்று. அங்கே நோயாளியின் பெயரைக் கேட்டால் நான் அப்பாவின் ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து நீட்டிவிடுவேன். அம்மா சாகும்வரை அவர் பெயரைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் கிடையாது.

அன்று காலை ஊசி போட்டேன். கல்லில் தோசையை ஊற்றிவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. கேட் திறந்து கிடந்தது. ஆணியில் மாட்டியிருந்த அவருடைய முழுக்கைச் சட்டையையும் தொப்பியையும் காணோம். தெருவின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். "அப்பா ஊசி போட்டுட்டு சாப்புடாமப் போய்ட்டாருடா! வாடா சீக்கிரம்!"

"தோட்டத்துக்குத்தான்க்கா போயிருப்பாரு. வேற எங்க போவப் போறாரு? ரெடியா நில்லு, வரேன்."

அக்கம்பக்கத்திலும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் சனத்துக்குப் புத்தி தடுமாறினால் கால் தோட்டத்துக்குத்தான் போகும் என்பது எல்லாருக்கும் முடிவான விஷயம். நானும் நம்பினேன். ஒருவர்கூட டவுன் பக்கம் பார்ப்போம் என்று வாயைத் திறக்கவில்லை.

தோட்டம் என்று இப்போது என்ன இருக்கிறது? ரப்பரை அழித்து நட்ட எண்ணெய்ப்பனைதான். செம்பனை, செம்பனை, செம்பனை. லயம் இருந்த இடத்தில் புல். மாரியம்மன் கோயில் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. தம்பி ஒரு பக்கம் ஓடினான், நான் ஒரு பக்கம் ஓடினேன். "அப்பா! அப்பா!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் சட்டை தெரிந்துவிடுமோ என்று பயம், பார்க்காமல் விடவும் பயம். குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் தலையை ஆட்டினார்கள், யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏற ஏற ஊசி அவர் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் என்ற நினைப்பே என்னைத் தின்றது. கோயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரியாத்தாளைத் திட்டினேன். "உனக்குக் கண்ணு இருக்கா இல்லியா? இத்தன வருசம் கும்புட்ட மனுசன்டி!" அவள் என்ன சொல்லுவாள்? அழுதுகொண்டே காடிக்கு நடந்தேன்.

தம்பி காடியருகில் போனைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். தாமான் குரூப்பில் யாரோ ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். பாசார் சுவர். வரிசையின் கடைசியில் வரைந்திருந்த பெண்ணுக்குப் பின்னால், தொப்பியோடு, விறைப்பாக, அப்பா. அவர் தோளில் கைபோட்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: "அங்கிள் செம்ம ஸ்போர்ட்டிங்லா! இதுதான் உண்மையான பாரம்பரியம்!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் அங்கே கூட்டம் இருந்தது. அப்பா அதே இடத்தில் நின்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. இத்தனை பேர் படம் எடுத்தார்களே, ஒரு பாவிக்காவது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தோன்றியதா?

"ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? அங்கிள்கூட ஒரு படம்" என்றாள் ஒருத்தி.

"அவரு எங்கப்பா! சுவத்துல ஒட்டுன பொம்மைன்னு நெனச்சியா?" என்று கத்தினேன். அவள் பயந்து விலகினாள்.

காடியில் இருந்த இனிப்பு மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்தி அப்பாவின் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரிசையில நின்னுகிட்டு குடிக்கவா? கிராணி பாக்குறாரு."

"அப்பா, நான்தான்பா. வாங்கப்பா, வீட்டுக்குப் போவலாம்."

"இன்னும் பேரு கூப்புடலம்மா. இப்பப் போனா இன்னிக்கு வேல இல்லன்னுருவாங்க. புள்ளைங்களுக்கு என்னத்தப் போடறது?"

தம்பி கையைப் பிடித்து இழுத்தான். அப்பாவுக்கு எங்கிருந்து அவ்வளவு வலு வந்ததோ, உதறிவிட்டு மறுபடியும் போய் நின்றார். அவருக்குக் கண் செருக ஆரம்பித்தது. "தூக்கிட்டுப் போயிருவோம்க்கா" என்றான் தம்பி. தூக்கினால் என்ன, வாயைத் திறக்காமல் எப்படிக் குடிப்பார்? ஆம்புலன்ஸ் வருவதற்குள் விழுந்துவிடுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் சுவரின் இடது கோடிக்கு ஓடினேன். வரைந்திருந்த மேசைக்குப் பக்கத்தில், கிராணிக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு அப்பாவின் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஊரே கேட்க, அதட்டிக் கூப்பிட்டேன்.

"இருக்கேங்கய்யா!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் லயத்துப் பாயில் படுத்தபடி கேட்ட குரல். அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி என் முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"இதக் குடி" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. "குடிச்சிட்டு வேலைக்குப் போ."

குடித்தார். ஒரே மூச்சில் உறிஞ்சினார். இன்னொன்று கொடுத்தேன், அதையும் குடித்தார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்திருப்பார்கள் போல.

காடியில் ஏறியதும் கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. உயிர் பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன். அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. எம் மவளுக்குக் காச்சலு. லயத்துல தனியாக் கெடக்கா. அவ அம்மாவும் வேலைக்கு வந்துட்டா. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே வூட்டுக்குப் போய்க்கட்டுமா?"

எந்தக் காய்ச்சல், எந்த வருஷம், எனக்கு நினைவில்லை. தனியாகக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அவரை விட்டிருக்க மாட்டார்கள். விட்டிருந்தால் இத்தனை வருஷம் கழித்து என்னிடம் வந்து கேட்பாரா?

"போலாம்" என்றேன். "இப்பவே போ."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை, என் அப்பா கும்பிட்டார். தம்பி காடியை ஓட்டிக்கொண்டே அழுதான்.

வீட்டில் தோசை கல்லோடு கருகிப்போயிருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். முதல் அறையைத் திறந்து பார்த்தார், அடுத்த அறையைத் திறந்து பார்த்தார். "பாப்பா, அப்பா வந்துட்டேன். கிராணி விட்டுட்டாரு. எங்கம்மா இருக்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே சமையற்கட்டுவரை போனார். "இங்கதான்பா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நான் அவர் பின்னால் போனேன். அவர் திரும்பவில்லை. என்னைத் தேடிக்கொண்டே இருந்தார்.