கேட்காமல் எழுதிய பெயர்

மறைந்த ஆசிரியர்களையும் பழைய மாணவர்களையும் எங்கள் பாடசாலையில் வருடாவருடம் நினைவுகூருவோம். பெயர்ப்பட்டியல் எழுதுவது என் வேலை. எழுதி எழுதி அலுத்துவிட்டது. சென்ற முறை, யுத்தகாலத்தில் காணாமல்போன என் வகுப்புத் தோழன் ரவியின் பெயரையும் யாரிடமும் கேட்காமல் சேர்த்து, படத்துக்கு மாலையும் போட்டுவிட்டேன்.

கேள்விப்பட்டு, உப்புவெளியிலிருந்து அவனுடைய அம்மா பஸ் ஏறி வந்தார். நேரே போய் மாலையைக் கழற்றினார்.

"தம்பி, அவன் செத்தவனெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றேன்.

"நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன்" என்றவர், படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது எந்தப் பெயரையும் எழுதுமுன் அந்தந்த வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். ரவியின் வீட்டுக்கும் போகிறேன். அங்கே மட்டும் எதுவும் கேட்பதில்லை. தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.