ரம்பத்துக்கு ஊற்றிய தீப எண்ணெய்

கலீமுல்லாவுக்கு நாற்பத்தேழு வயது. காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் வசிக்கும் அவர், ஒன்பது ஆண்டுகள் பெட்ரோல் ரம்பத்தால் மரம் அறுத்துப் பிழைத்தவர். அந்த ரம்பத்தில், நீண்ட இரும்புப் பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடும். இரண்டுக்கும் நடுவே தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீர்த்த எண்ணெயைச் சங்கிலி சிதறடித்துவிடும். மிகவும் கெட்டியானது துவாரத்தில் இறங்காது. கலீமுல்லா லாரிகளுக்கான கியர் ஆயிலை ஊற்றிவந்தார். மெக்கானிக் கடைகளில் வடித்துக் கொட்டும் கறுப்பு எண்ணெயை அவர் தொட்டதில்லை. அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும்.

2024 அக்டோபரில், ஏனாத்தூர் சாலையோர மரங்களை அகற்றும் ஒப்பந்தக்காரர் ஆனந்தகுமார் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். மழை விட்டதும் தொடங்கி ஆறு மாத வேலை. நிபந்தனை ஒன்றுதான்: ரம்பம் சொந்தமாக, ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை என்பது அவர் வாழ்க்கையில் அதுவரை நடக்காதது. மனைவி கௌசர், தாம் பாத்திரம் தேய்த்துவந்த மூன்று வீடுகளுக்கும் இனி வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

இடையில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒருநாள் வேலை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சம்பத்குமார் வீட்டுக் கிணற்றின்மேல் சாய்ந்த பலா மரம். அவர் எண்ணெய்க் கேனைப் பார்த்ததும் தடுத்தார்.

“பெருமாளுக்குத் தீர்த்தம் இந்தக் கிணத்துலேர்ந்துதான் எடுக்கறோம். இந்த ஆயில் ஒரு சொட்டு தெறிக்கப்படாதுப்பா.”

“எண்ணெய் இல்லாம செயின் ஓடாது சாமி.”

ஆசிரியரின் மனைவி வத்ஸலா உள்ளே போய்த் தீப எண்ணெய்க் கேனைக் கொண்டுவந்தார். பல வித்துகளின் எண்ணெய் கலந்தது. கலீமுல்லா விரலிடையே தேய்த்துப் பார்த்தார், பிசுபிசுவென்று ஒட்டியது. அன்று மாலைவரை சங்கிலி சூடேறவில்லை, அறுத்த பலாப் பலகையில் கறையும் படவில்லை. மிச்ச எண்ணெயையும் கேட்டு வாங்கிவந்தவர், இத்தனை ஆண்டுகள் இது தோன்றாமல் போயிற்றே என்று கௌசரிடம் வியந்தபடியே தொட்டி நிறைய ஊற்றி ரம்பத்தைப் பரணில் வைத்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு நாள் அவர் அதை இறக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கட்கிழமை. ஏனாத்தூர் சாலையில் முதல் புளிய மரத்தடியில் ரம்பத்தை முடுக்கி, பட்டையின் நுனியை ஒரு செய்தித்தாளுக்கு மேலே பிடித்தார். எண்ணெய் இறங்கினால் தாளில் கோடு விழும். மூன்று நிமிடமாகியும் தாள் வெறுமையாகவே இருந்தது. அத்தனை நாள் சும்மா கிடந்ததில் உள்ளே எண்ணெய் பிசினாக உறைந்திருந்தது. கழற்றிக் கழுவ ஒரு மணி நேரம் கேட்டார். காரணத்தை ஆனந்தகுமார் விசாரித்தார், கலீமுல்லா மறைக்கவில்லை.

“தீப எண்ணெயா? அப்போ திரியும் போட்டு எடுத்துக்கினு வந்தியா பாய்?”

ஆட்கள் சிரித்தார்கள். சாலையை அடைத்திருப்பதே பதினோரு மணிவரைதான், நேரம் தருவதற்கில்லை என்றார் ஆனந்தகுமார். வெட்கத்தில் கலீமுல்லா புட்டியிலிருந்த கியர் ஆயிலைப் பட்டையின்மேல் கையால் ஊற்றிக்கொண்டு அறுக்கத் தொடங்கினார். ஊற்றியதைச் சங்கிலி உடனே விசிறி எறிந்தது. புளியின் வைரத்தில் பாதி இறங்கியபோது புகை வந்தது. சூட்டில் பட்டை நீலம் பாய்ந்து, அதன் நுனியில் சங்கிலியைத் திருப்பும் சிறு சக்கரம் இறுகி, சங்கிலி அறுந்தது. தொட்டியிலிருந்து எண்ணெயைத் தள்ளும் பம்பின் பற்களும் பிசினில் சிக்கி முறிந்திருந்தன. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது என்று மூன்று கடைகளில் சொன்னார்கள்.

அன்று மதியமே கலீமுல்லாவின் இடத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து சிட்டிபாபு என்பவர் தம் ரம்பத்துடன் வந்துவிட்டார். கௌசர் பழைய வீடுகளுக்குப் போய்க் கேட்டார். மூன்றிலும் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான்காம் நாள் கலீமுல்லா, சிட்டிபாபு அறுத்துத் தள்ளும் கிளைகளை இழுத்துப்போடும் வேலையில் சேர்ந்தார். சிட்டிபாபு ஊற்றியது கறுப்பு எண்ணெய். பம்பைத் தின்றுவிடும் என்று கலீமுல்லா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“ஓடிக்கினு இருக்குதுல்ல பாய்?” என்றார் சிட்டிபாபு.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. மே மாத இறுதிக்குள் நூற்று அறுபத்து நான்கு மரங்களையும் அதுவே அறுத்து முடித்தது.